பொதுக் கோப்புறைக்குப் பல வழிகள்: ஒரு சிறிய அலுவலகம் எதைத் தேர்ந்தெடுப்பது?

எட்டுப் பத்துக் கணினிகளோடு இயங்கும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள், ஸ்கேன் செய்த ரசீதுகள், எக்செல் தாள்கள், கணக்கு மென்பொருளின் தரவு ஆகிய அனைத்தும் ஒரு மூலையில் இருக்கும் நாஸ் பெட்டியில், அதாவது அலுவலக வலையில் இணைந்த பொதுச் சேமிப்புப் பெட்டியில், சேமிக்கப்படுகின்றன. ஊழியர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் கணினியில் வேலை செய்கிறார்கள். பங்குதாரர் ஒருவர் மேக்புக் வைத்திருக்கிறார். ஒரு மேசையில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது. இன்னொருவர் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். இத்தகைய அலுவலகங்களில் வழக்கமாக நடப்பது, கணினிகளைப் பராமரிக்க வருபவர் எல்லாவற்றிலும் 'இசட்' என்ற எழுத்தில் ஒரு நெட்வொர்க் டிரைவை அமைத்துவிட்டுப் போவதுதான். அது பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடவும் கூடும். ஆயினும் அந்தப் பெட்டியை அடைய வேறு வழிகளும் இருக்கின்றன; அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு எல்லாம் சரியாக ஓடும் நாளில் தெரிவதில்லை, இணைப்பு அறுபடும்போதும், கடவுச்சொல் மாறும்போதும், ஒரே கோப்பை இருவர் திறக்கும்போதும் வெளிப்படுகிறது. ஆகவே கோப்பு எங்கிருந்து திறக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் திறந்தே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்து இந்த வழிகளை ஒப்பிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

அலுவலகத்துக்குள் எந்த நெறிமுறையை, அதாவது கணினிகள் கோப்புகளைப் பரிமாறப் பேசும் எந்த மொழியை, பயன்படுத்துவது என்பதில் இன்று பெரிய விவாதத்துக்கு இடமில்லை. எஸ்எம்பி என்ற நெறிமுறை 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் பின்னர் அதை வளர்த்தெடுத்து விண்டோஸின் இயல்பான வழியாக்கியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள் அதே நெறிமுறையை யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. கடைகளில் விற்கும் நாஸ் பெட்டிகளில் பலவற்றுக்குள் இன்றும் ஓடுவது லினக்ஸும் சாம்பாவும்தான். ஆப்பிள்கூடத் தன் சொந்த ஏஎஃப்பி நெறிமுறையை ஒதுக்கிவிட்டு, 2013-ஆம் ஆண்டில் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து எஸ்எம்பியின் இரண்டாம் தலைமுறையை முதன்மை வழியாக்கிக்கொண்டது. மூவகைக் கணினிகளும் கலந்திருக்கும் இடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது இது ஒன்றே.

என்எஃப்எஸ் இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவதுண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் வெளியிட்ட அந்த நெறிமுறை லினக்ஸ் கணினிகள் மட்டுமே உள்ள ஆய்வுக்கூடங்களிலும் சர்வர் அறைகளிலும் எளிமையாகவும் வேகமாகவும் இயங்குகிறது. ஆனால் அதன் சாதாரண அமைப்பில், கோப்பைக் கேட்பவர் யார் என்பதைக் கேட்கும் கணினியே ஒரு பயனர் எண்ணாகச் சொல்கிறது. சர்வர் அதை அப்படியே நம்புகிறது. தன் மடிக்கணினியில் முழு அதிகாரம் வைத்திருக்கும் எவரும் வேறொருவரின் எண்ணைச் சொல்லி உள்ளே வந்துவிட முடியும். பயனரின் அடையாளத்தைத் தனி சர்வர் மூலம் உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறையைச் சேர்த்தால் இந்தக் குறை நீங்கும்; பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் அதைப் பராமரிப்பவர் யார் என்ற கேள்வி எழும். போதாததற்கு, விண்டோஸ் ஹோம் பதிப்பில் என்எஃப்எஸ் வசதியே கிடையாது. நம் அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பொதுவான வழிகாட்டிகளில் இது பேசப்படுவதில்லை. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு அமைப்பு பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் தட்டச்சில் பொதுவாக ஒற்றைக் குறியே வருகிறது. இவ்விரு வடிவங்களும் ஒரே பகிர்வில் (வலையில் பலருக்குத் திறந்துவிட்ட கோப்புறையில்) கலந்துவிட்டால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. மேக்கின் என்எஃப்எஸ் இணைப்பில் இதற்கென்றே, பெயர்களை ஒற்றைக் குறி வடிவுக்கு மாற்றும் 'என்எஃப்சி' என்ற தனி விருப்பத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது, சிக்கல் கற்பனையானதன்று என்பதைக் காட்டும். அடுத்தது நீளம். லினக்ஸ் கோப்பு அமைப்புகள் ஒரு பெயருக்கு 255 பைட்டு மட்டுமே தருகின்றன. தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு என்பதால் 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். மெய்யெழுத்துக்கும் பெரும்பாலான உயிர்மெய்க்கும் இரண்டு குறிகள் ஆகும் என்பதால், நடைமுறையில் ஐம்பது எழுத்துகளுக்குச் சற்று மேல் போனாலே ஆபத்துதான். சில நாஸ் பெட்டிகளின் மறையாக்கப்பட்ட கோப்புறைகளில் இந்த எல்லை 143 பைட்டு, அதாவது 47 குறிகள். விண்டோஸ் கணினியில் தடையின்றிச் சேமித்த நீண்ட தமிழ்ப் பெயரை நாஸ் ஏற்க மறுக்கும்போது, பிழைச் செய்தி இந்தக் காரணத்தைச் சொல்லாது.

எஸ்எம்பி என்று முடிவான பிறகு, விண்டோஸ் கணினியில் அதை எப்படி வெளிக்காட்டுவது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. பகிர்வுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து டிரைவாக மேப் செய்யலாம். அல்லது இரண்டு பின்சாய்கோடுகளுக்குப் பின் பெட்டியின் பெயரையும் பகிர்வின் பெயரையும் எழுதும் நேரடிப் பாதையையே பயன்படுத்தி, அந்த இடத்தை எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் நிலையாகப் பொருத்தி வைக்கலாம்.

எழுத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய மென்பொருள்களில் சில, கோப்பின் இடம் ஓர் எழுத்தில் தொடங்கினால்தான் ஏற்கின்றன. கட்டளைச் சாளரம் நேரடிப் பாதையைத் தன் நடப்புக் கோப்புறையாக ஏற்பதில்லை. 'புஷ்டி' கட்டளையைக் கொடுத்தால் தானே தற்காலிகமாக ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு சமாளிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இசட்டில் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பழகிய ஊழியர்களிடம் பின்சாய்கோட்டுப் பாதையைச் சொன்னால் அவர்கள் முகம் சுளிப்பது இயல்பே.

எனினும் அந்த எழுத்து கணினிக்குச் சொந்தமானதன்று. உள்நுழைந்திருக்கும் பயனரின் அமர்வுக்குச் சொந்தமானது. இந்த ஒரு விவரத்திலிருந்துதான் பெரும்பாலான குழப்பங்கள் கிளைக்கின்றன. இரவில் தானாக ஓடும் காப்புப் பிரதி மென்பொருள் கணினியின் சொந்தக் கணக்கில் இயங்குவதால் இசட் அதன் கண்ணுக்குத் தெரியாது. பணி தோல்வியடைந்ததை மறுநாள் யாராவது பார்த்தால்தான் உண்டு. நிர்வாகி அதிகாரத்தோடு திறந்த நிரலும் இயல்பான அமைப்பில் அதே எழுத்தைக் காண்பதில்லை. காலையில் கணினியைத் திறந்தவுடன் வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவுகளைத் தேடிவிட்டு, அவற்றை இணைக்க முடியவில்லை என்று அறிவித்துச் சிவப்புக் குறி போடுவதைப் பார்க்காத அலுவலகம் இருக்காது. அதைச் சொடுக்கினால் பெரும்பாலும் திறந்துவிடுகிறது; ஆனால் கணினியோடு சேர்ந்தே தொடங்கும் மென்பொருளுக்குச் சொடுக்கத் தெரியாது. நேரடிப் பாதையிலோ, கோப்பைக் கேட்கும் கணத்தில்தான் இணைப்பு ஏற்படுகிறது என்பதால் இந்தக் காலைநேரத் தொல்லை அறவே இல்லை. காப்புப் பிரதிப் பணிக்கும், பாதையோடு தனிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் அமைப்பிலேயே கொடுத்துவிடலாம்.

நேரடிப் பாதைக்கும் குறைகள் உண்டு. விண்டோஸின் பல நிரல்கள் இன்னும் 260 எழுத்து எல்லைக்குள் முழுப் பாதையையும் அடக்க வேண்டியுள்ளதால், பெட்டியின் பெயரும் பகிர்வின் பெயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பகிர்வுக்குச் சிறிய பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் குறையும். பெட்டியை மாற்றும்போது பாதையும் மாறுமே என்ற கவலைக்கு விடை எளிது: புதிய பெட்டிக்குப் பழைய பெயரையே வைத்தால் போதும். பெயருக்குப் பதிலாக, வலையில் பெட்டியின் முகவரியான ஐபி எண்ணை எழுதிவைக்கும் பழக்கத்தைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். ரூட்டர் ஒரு நாள் வேறு எண்ணை வழங்கினால் அத்தனை குறுக்குவழிகளும் ஒரே நேரத்தில் செத்துப்போகும்.

ஆக, என் பரிந்துரை நேரடிப் பாதையை இயல்பாக வைத்துக்கொண்டு, எழுத்தைக் கேட்கும் மென்பொருள் உள்ள கணினிகளில் மட்டும், எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக, மேப் செய்வதாகும். ஒரு கணினியில் இசட், இன்னொன்றில் ஒய் என்றிருந்தால், கோப்புகளுக்குள் பதிந்துவிட்ட இணைப்புகள் ஆளுக்கு ஆள் வேறு இடத்தைக் காட்டும். எல்லாக் கணினிகளையும் ஒரு மைய சர்வரில் சேர்த்து நிர்வகிக்கும் டொமைன் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் குழுக் கொள்கை மூலம் இதை ஒரே இடத்திலிருந்து செய்துகொள்கின்றன. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

எழுத்தை விட்டுவிட்டால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்களிடமிருந்து தப்பலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். 2016-இல் பரவிய லாக்கி என்ற தீநிரல், எழுத்துக் கொடுக்கப்படாத பகிர்வுகளையும் தேடிச் சென்று பூட்டியது. பாதிக்கப்பட்ட பயனருக்கு எழுதும் உரிமை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தீநிரலுக்கும் உண்டு. நாஸ் பெட்டியில், கோப்புகளின் அந்தந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை இயக்கி வைப்பதும், பழைய ஆண்டுகளின் கோப்புறைகளைப் படிக்க மட்டும் என்று மாற்றுவதுமே இதற்குப் பலன் தரும்.

கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வு ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் எளிய வழியாக இருந்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ வகைக் கணினிகள் இத்தகைய இணைப்பை இயல்பாகவே மறுக்கின்றன. எஸ்எம்பி செய்திகளில், அவை இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் கையொப்பமும் கட்டாயமாகக் கேட்கின்றன. நேற்றுவரை திறந்த ரூட்டரின் யுஎஸ்பி வன்தட்டு, புதுப்பித்தலுக்குப் பின் திறக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பாதுகாப்பைத் தளர்த்தும் குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன என்றாலும், ஒவ்வொரு ஊழியருக்கும் நாஸ் பெட்டியில் தனிக் கணக்குத் தொடங்குவதே முறை. அப்போதுதான் யார் எதை அழித்தார் என்பது பதிவில் நிற்கும், விலகிச் செல்பவரின் கணக்கை மட்டும் மூடவும் முடியும். ஒரு விண்டோஸ் அமர்விலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் இணைய முடியாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பொதுக் கணக்கில் ஒரு பகிர்வையும் தன் கணக்கில் இன்னொன்றையும் திறக்க முயல்பவர் 1219 என்ற எண்ணுள்ள பிழையைக் காண்பார். உரிமைகளை ஒரே கணக்கின்மேல் ஒழுங்காக அடுக்குவதுதான் இதற்குச் சரியான தீர்வு.

வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் வரும்போது கணக்கு முழுவதும் மாறுகிறது. ரூட்டரில் 445-ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலைத் திறந்துவிட்டு எஸ்எம்பியை நேராக இணையத்துக்குக் காட்டுவதை ஒரு தேர்வாகவே எண்ணக் கூடாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் இந்தப் போர்ட்டின் வழியாகவே, எஸ்எம்பியின் முதல் தலைமுறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாதவர்கள் பலராக இருந்தார்கள்.

எனவே முதல் தேர்வு, இணையத்தின் வழியே மறையாக்கப்பட்ட தனிப் பாதை அமைக்கும் விபிஎன். அதன் வழியே வந்துவிட்டால் வீட்டுக் கணினியும் அலுவலக வலையின் ஓர் அங்கம் போலவே நடந்துகொள்ளும். பாதைகளை மாற்ற வேண்டியதில்லை. நம் ஊர் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் தனித்த பொது ஐபி கிடைப்பதில்லை, ஒரே எண்ணின் பின்னால் பல வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்பது ஒரு தடை. அலுவலகத்துக்கு நிலையான ஐபி வாங்கி வயர்கார்டு என்ற விபிஎன்னை அமைப்பதோ, அதன் மேல் கட்டப்பட்டு இத்தடையைத் தானே கடக்கும் டெயில்ஸ்கேல் போன்றதைப் பயன்படுத்துவதோ இதைத் தீர்க்கும்.

ஆனால் விபிஎன் தூரத்தைக் குறைப்பதில்லை. எஸ்எம்பி மிகுதியாகப் பேசும் நெறிமுறை. ஒரு கோப்புறையைத் திறந்து பண்புகளைப் படித்து, கோப்பைத் திறந்து, அதே நேரத்தில் இன்னொருவர் திருத்தாதபடி பூட்டு வாங்குவது வரை ஒவ்வொன்றும் கேள்வியும் பதிலுமாகப் போய்வருகிறது. அலுவலகக் கம்பியில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகவே ஆகிறது. வீட்டிலிருந்து அதுவே 50 மில்லிநொடி ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் சுற்று தேவைப்படும் வேலை ஒரு நொடியிலிருந்து 50 நொடிக்குத் தாவிவிடும். இணைய இணைப்பின் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு உயர்த்தினாலும் இந்தத் தாமதம் குறையாது என்பதை, அதிகத் திட்டத்துக்குப் பணம் கட்டிய பிறகே பலர் உணர்கிறார்கள். ஓர் எக்செல் தாளையோ சில பிடிஎஃப்களையோ திறக்க விபிஎன் போதும். ஆயிரக்கணக்கான ஸ்கேன்கள் உள்ள கோப்புறையில் சிறுபடங்களைப் பார்த்துத் தேடுவதற்குப் போதாது.

கணக்கு மென்பொருளின் தரவை விபிஎன் வழியே திறப்பதை நான் தடுத்தே விடுவேன். பகிர்வில் வைத்த தரவுக் கோப்பைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் நேராகத் திறந்து எழுதும் முறையில் இயங்கும் எந்த மென்பொருளும், அது ஆக்சஸ் தரவுத்தளமாக இருந்தாலும் பழைய கணக்குச் செயலியாக இருந்தாலும், பாதி எழுதிய நிலையில் இணைப்பு அறுந்தால் கோப்பையே சிதைத்துவிடக்கூடும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கியவர்கள் தங்கள் ஆவணத்திலேயே நெட்வொர்க் கோப்பு அமைப்பில் தரவுத்தளத்தை வைப்பது குறித்து எச்சரித்திருக்கிறார்கள். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பை நெட்வொர்க் வழியே பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை. அலுவலகத்துக்குள்ளேயே கூட, இந்த மென்பொருள் ஓடும் கணினிகளை வைஃபையில் விடாமல் கிகாபிட் கம்பியில் இணைத்துவிடுவது நல்லது. வீட்டிலிருக்கும் ஊழியருக்கு, விபிஎன் வழியே தன் அலுவலகக் கணினியின் திரையை ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்த்து வேலை செய்யும் வசதியைத் தரலாம். கோப்பு அலுவலகத்திலேயே திறந்திருக்கும், இணையத்தில் போய்வருவது படமும் விசைத்தட்டலும்தான். இணைப்பு அறுந்தாலும் மென்பொருள் அங்கே அப்படியே காத்திருக்கும்.

இணையதளங்களின் நெறிமுறை வழியே கோப்புகளைப் பகிரும் வெப்டேவ் 1999-இல் வந்தபோது இதற்கெல்லாம் நல்ல விடையாகத் தோன்றியது. சாதாரண இணையப் போர்ட்டான 443-இல் இயங்கும், விண்டோஸில் எழுத்துக் கொடுத்தும் பயன்படுத்தலாம். ஆனால் விண்டோஸின் இயல்பான அமைப்பில் 50 மில்லியன் பைட்டுக்கு மேற்பட்ட கோப்பைப் பதிவிறக்க முடியாது. அந்த எல்லையை விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உயர்த்தினாலும் 4 ஜிபியைத் தாண்டாது. அதற்கான வெப்கிளையண்ட் சேவையைக் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் 2023 நவம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்துவிட்டது. இன்று புதிதாக எதையும் இதன்மேல் கட்டுவது வீண். பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறையான எஸ்எஃப்டிபியை டிரைவாக ஏற்றும் வழி, லினக்ஸ் பழகியவர்களுக்குக் கைகொடுக்கும். விண்டோஸில் கூடுதல் மென்பொருள்கள் வேண்டும், பூட்டுகளையும் நம்ப முடியாது. கோப்பைக் கொண்டுவந்து திருப்பி வைப்பதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

டிரைவையே விட்டுவிட்டு ஒத்திசைவுக்குப் போவது இன்னொரு பாதை. ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், சிங்திங் போன்றவை கோப்பின் பிரதியை ஒவ்வொரு கணினியிலும் வைத்து, மாற்றங்களைப் பின்னணியில் பரிமாறுகின்றன. மின்சாரமும் இணையமும் நிலையில்லாத இடத்திலிருந்து வேலை செய்பவருக்கு இதைப் போல நிம்மதி தருவது வேறில்லை: திறக்கும் வேகம் சொந்த வன்தட்டின் வேகம், இணைப்பு அறுந்தால் வேலை நிற்பதில்லை. இதற்கான விலை, எஸ்எம்பி தரும் பூட்டு இங்கே இல்லாமல் போவதாகும். ஒரே எக்செல் தாளை அலுவலகத்தில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் திருத்தினால், மாலையில் இரண்டு கோப்புகள் கிடைக்கும். எது உண்மையானது என்று மென்பொருள் சொல்லாது. மைக்ரோசாஃப்ட் 365-இன் கூட்டுத் திருத்தம் இதைச் சமாளிக்கிறது என்றாலும் அது எக்செல், வேர்டு போன்றவற்றுக்கு மட்டுமே. அத்துடன், வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள ஆவணங்கள் ஊழியரின் மடிக்கணினியில் பிரதியாக நிற்கும் என்பதைத் தணிக்கையாளர் மறந்துவிடக் கூடாது. வட்டை மறையாக்கம் செய்யாத மடிக்கணினிக்கு இதைத் தரக் கூடாது. ஒருவர் மட்டுமே கையாளும் கோப்புறைகளுக்கு ஒத்திசைவு, பலர் கையாளுபவற்றுக்கு எஸ்எம்பி என்று பிரிப்பது நடைமுறையில் நன்றாகவே வேலை செய்யும். ஒரே கோப்புறையை இரண்டு வழியிலும் திறந்துவிடுவதுதான் மிக மோசமான சேர்க்கை.

மேக்கிலும் உபுண்டுவிலும் சொல்வதற்குக் குறைவே. மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்திப் பாதையைக் கொடுத்தால் போதும். அது பகிர்வில் விட்டுச்செல்லும் மறைந்த டிஎஸ்-ஸ்டோர் கோப்புகள் விண்டோஸ்காரர்களை எரிச்சலூட்டும், அவற்றை நிறுத்தும் அமைப்பும் உண்டு. உபுண்டுவில் கோப்பு மேலாளர் வழியே திறப்பது அவ்வப்போதைய தேவைக்குப் போதுமானது. நிலையாக வேண்டுமென்றால், இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது, கேட்கும்போது மட்டும் இணைக்கும் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேர்த்து, கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து மற்றவர் படிக்காதபடி உரிமையைச் சுருக்க வேண்டும். ஆட்டோமவுண்ட் இல்லாவிட்டால் நாஸ் பெட்டி அணைந்திருக்கும் நாளில் கணினி தொடங்குவதே தாமதப்படும்.

இந்த மாற்றங்களையெல்லாம் செய்ய முனையும் அலுவலகத்தில் கடைசிவரை முரண்டு பிடிப்பது பெரும்பாலும் கணினியாக இருக்காது. ஸ்கேன் செய்ததை நேராகக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய நகலெடுக்கும் இயந்திரமாக இருக்கும். இத்தகைய இயந்திரங்களில் பல எஸ்எம்பியின் முதல் தலைமுறையை மட்டுமே அறிந்தவை. 2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாக இடம்பெறுவதில்லை. சாம்பாவும் 2019-இல் அதை இயல்பாக முடக்கிவிட்டது. அந்த ஓர் இயந்திரத்துக்காக நாஸ் பெட்டியில் பழைய வாசலைத் திறந்து வைப்பதற்குப் பதிலாக, முதலில் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) புதுப்பித்தல் உள்ளதா என்று பார்க்கலாம். இல்லையென்றால், ஸ்கேன்களை அலுவலக வலைக்குள்ளேயே எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் தனியொரு கோப்புறைக்கு அனுப்பும்படி இயந்திரத்தை அமைத்து, அந்தக் கோப்புறைக்கு மட்டும் எழுதக்கூடிய ஒரு கணக்கை அதற்குக் கொடுத்துவிடலாம்.